ஏன் டீச்சர் எழுதிய பாடங்கள்

பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஏன் டீச்சர். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஒரு பிள்ளை எழுந்து சரியான விடையைச் சொன்னால் மற்ற ஆசிரியர்கள் "குட், உட்காரு" என்பார்கள். இவள் "ஏன்?" என்பாள். தப்பான விடையைச் சொன்னாலும் அதே "ஏன்?"தான், அதே குரலில். சொன்னது சரியா தப்பா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும். இவளும் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். கடைசி வரிசையில் யாராவது கொட்டாவி விடுவார்கள். வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது கேட்கும். அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல் வரும்: "டீச்சர், நடுவுல ஒரு ஸ்டெப் இடிக்குது." அந்த ஒரு வாக்கியம் வருகிறவரை அவள் அசைய மாட்டாள்.

கணக்கு என்றால் சரியானதைக் காட்டுவது மட்டுமல்ல, தப்பானதையும் காட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. வாரத்துக்கு ஒரு முறையாவது பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பான கணக்கைப் போட்டு, கீழே "சரிதானே?" என்று எழுதிவிட்டு ஓரமாக நிற்பாள். பிள்ளைகள் திருடனைப் பிடிப்பதுபோல் வரிவரியாகத் தேடுவார்கள்.

வீட்டில் அவளும் கணவனும் மட்டும்தான். அவர் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் நிற்பதாலோ என்னவோ, வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார், ஓயாமல் பேசுவார். "எங்க வீட்ல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட ஏன்னு கேப்பா. காரணம் சொல்லிட்டிருக்கறதுக்கு அப்படியே முழுங்கிடலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளும் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வராமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

ஒருநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணுமாங்க?"

"சரி."

"வலிக்குதா?"

"சரி."

"நான் யாருன்னு தெரியுதா?"

"சரி," என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தெரிகிறது என்கிறாரா, தெரியவில்லை என்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த வார்டில் ஓர் ஆயா இருந்தாள். நோயாளிகளைத் துடைப்பது, புரட்டிப்போடுவது, விரிப்பு மாற்றுவது அவள் வேலை. மெலிந்த உடம்பு, ஆனால் எவ்வளவு கனமான ஆளையும் இடுப்பில் கை கொடுத்து ஒரு மூச்சில் புரட்டிவிடுவாள். "அண்ணே, இந்தப் பக்கம் திரும்பிக்கலாமா?" என்பாள். "சரி" என்று வரும். "பாருங்க டீச்சர், இந்த ஆஸ்பத்திரியிலயே என் பேச்சைக் கேக்குற ஒரே ஆம்பள இவர்தான்" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைப்பாள். ஆயாவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிளைப் பள்ளியில், அதே நிர்வாகம் நடத்துகிற பள்ளியில், அவளும் பத்தாவதுதான். அரசுக் கல்லூரியில் பத்தாவது மார்க்கை வைத்தே சேர்க்கிற லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்பது தாய், மகள் இருவருக்குமே கனவு. "நான் பாட்டில்ல புடிச்சுக் கொண்டுபோய்க் குடுக்குறதை, அவ மைக்ராஸ்கோப்ல பாப்பா. ஒரே ஆஸ்பத்திரியில ரெண்டு மாடி வித்தியாசம், அவ்வளவுதான்" என்பாள் ஆயா.

தலைமையாசிரியை போன் செய்தார். "டீச்சர், லீவு எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க. ஆனா பத்தாவது ஆச்சே. கணக்குக்கு ஆள் கிடைக்கல. பி.டி. மாஸ்டரைத்தான் அனுப்பறோம்."

சற்று நேரத்தில் பி.டி. மாஸ்டரே பேசினார். விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதுகிற மனிதர். "டீச்சர், எனக்குக் கணக்குன்னா ஸ்கோர் போர்டு மட்டும்தான். என்னைக் காப்பாத்துங்க."

அப்படித்தான் அந்தப் பாடங்கள் பிறந்தன. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில், பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கணவன் கண்ணயர்கிற பகல் நேரங்களில் அவள் ஸ்லைடு ஸ்லைடாக எழுதினாள். திரையில் பிள்ளைகளுக்கு என்ன தெரிய வேண்டும், அதற்கடியில் மாஸ்டர் என்ன சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எல்லாம் இருந்தன. வகுப்பில் அவள் விடுகிற மௌனத்தைக்கூட எழுதினாள். 'இங்கே பேசாதீர்கள் மாஸ்டர். யாராவது வாய் திறக்கும்வரை காத்திருங்கள்.' தப்பான கணக்குகளையும் விடவில்லை. கீழே 'சரிதானே?' என்று போட்டு, எது தப்பு, ஏன் தப்பு என்று குறிப்பில் விளக்கியிருந்தாள்.

"ரெடிமேட் சட்டை மாதிரி இருக்கு டீச்சர். கையை விட்டா போதும், நானும் வாத்தியார்" என்றார் மாஸ்டர். வகுப்பில் நன்றாகவே நடந்தது. மைதானத்துக்குப் பயந்த பிள்ளைகள்கூட அவரிடம் கணக்குக் கேட்டன. இது தாளாளர் காதுக்குப் போயிற்று. அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்த்தார். விசில் ஊதுகிறவரே கணக்கு எடுக்க முடியுமென்றால், கிளைப் பள்ளிகளில் எதற்குக் கணக்காசிரியர்களைத் தேடி அலைய வேண்டும்? ஆள் போட்டு எல்லாப் பாடங்களையும் அழகாக வடிவமைத்து, புத்தகமாகவும் அச்சடித்து, முதல் பக்கத்தில் அவள் பெயரைப் பெரிதாகப் போட்டு, கிளைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பினார். ஆசிரியர் கூட்டத்தில் கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கணவனிடம் முதல் பக்கத்தைக் காட்டினாள். "சரி" என்றார். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஆயா தினமும் வேலைக்குப் போகிற வழியில் வந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் போனாள். தலைமையாசிரியை பெரிய மனது பண்ணி, டீச்சருக்குக் காலை வகுப்புகள் மட்டும் போட்டு, இன்னொரு பிரிவை மாஸ்டரிடமே விட்டார். மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தச் சலுகை இல்லையென்றால் அவளால் வேலையில் நீடித்திருக்க முடியாது. அவளுக்கும் அது தெரியும், தலைமையாசிரியைக்கும் தெரியும்.

பள்ளிக்குத் திரும்பி வந்த அன்றே அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்தார்கள். இனி எல்லாரும் ஒரே பாடம், ஒரே வேகம், எழுதியவள் உட்பட. பொத்தானை அழுத்தினாள். அவளுடைய வாக்கியங்கள்தான், ஆனால் கழுவித் துடைத்த மாதிரி வந்தன. கீழே இருந்த குறிப்புகளைக் காணோம். திரையில் அசிங்கமாகத் தெரிகிறது என்று எடுத்துவிட்டார்களாம். 'காத்திருங்கள்' என்ற இடங்கள் எல்லாம் போயிருந்தன. சும்மா இருக்கிற நேரமாம். தப்பான கணக்குகளைப் பார்த்த யாரோ, டீச்சர் ஆஸ்பத்திரிக் கவலையில் பிசகிவிட்டாள் என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு திருத்தியிருந்தார்கள்.

ஒன்று மட்டும் திருத்தப்படாமல் தப்பியிருந்தது. x² = 5x என்ற கணக்கு. இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வகுத்து, எக்ஸ் என்பது ஐந்து என்று முடித்திருந்தாள். பார்க்கிறவர்களுக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் எக்ஸ் பூஜ்யமாகவும் இருக்கலாம். பூஜ்யத்தின் வர்க்கமும் பூஜ்யம், ஐந்து முறை பூஜ்யமும் பூஜ்யம். எக்ஸால் வகுக்கிற அந்த ஒரு வரியில் இன்னொரு விடை சத்தமில்லாமல் செத்துப்போகிறது. அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் 'சரிதானே?' என்று போட்டிருந்தாள். இப்போது அந்தக் கேள்வி இருந்த இடத்தில் பெரிய பச்சை நிற டிக் ஒன்று இருந்தது. அடுத்த ஸ்லைடில், அதே முறையில் செய்து பழக ஐந்தாறு கணக்குகள் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன.

வகுப்பை அங்கேயே நிறுத்தி, பலகைக்குப் போய், விஷயத்தைச் சொன்னாள். இடைவேளையில் மாஸ்டரைப் பிடித்தாள்.

"ஐயையோ, நான் டிக்கைப் பார்த்து அப்படியே சொல்லிட்டேனே டீச்சர்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளே அவருடைய பிரிவுப் பிள்ளைகள் முன்னால் நின்று, "போன வாரம் நான் பூஜ்யத்தைக் கொன்னுட்டேன், இன்னிக்கு உயிர் குடுக்கறேன்" என்று சொல்லி, எல்லாரையும் சிரிக்க வைத்துத் திருத்தினார்.

மீதி இருந்தது கிளைகள். தலைமையாசிரியையிடம் போனாள். அவர் இயற்பியல் படித்தவர். பார்த்த உடனே, "அட, ஆமாம்" என்றார்.

"அடுத்த வாரம் எல்லாக் கிளைக்கும் சர்க்குலர் போயிடும். நான் பாத்துக்கறேன். ஆனா நீங்க வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பேரண்ட்ஸ் காதுக்குப் போச்சுன்னா, ஒண்ணுக்கு ஒன்பதாப் பேசுவாங்க. பாடத்துல உங்க பேருதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சார் எப்படி இருக்காரு? மதிய நேரம் வசதியா இருக்கா?" என்றார்.

"வசதியா இருக்கு மேடம்" என்றாள் டீச்சர்.

பின்னொரு நாள் வராந்தாவில் பார்த்தபோது, "சர்க்குலர் போயிடுச்சா மேடம்?" என்று கேட்டாள். "போயிட்டிருக்கு" என்று நடந்துகொண்டே சொன்னார். 'ஏன் இன்னும் போகவில்லை?' என்று டீச்சர் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டவள், கேட்டே ஆக வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். நம்புவதற்கு வசதியாக இருந்ததால் நம்பினாள். அதற்குள் கணவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஜுரம் வந்து, மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் அந்தப் பெஞ்ச். மற்றதெல்லாம் மனசிலிருந்து விலகிப் போயிற்று. முழுக்கப் போயிற்று என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் ஆயா தினமும் வந்தாள்.

"பொண்ணு உங்க பாடத்தைத்தான் வச்சு வச்சுப் படிக்குறா டீச்சர். மொத பக்கத்துல உங்க பேரு இருக்காமே? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சவங்கன்னு கிளாஸ் பூரா சொல்லியிருக்கா" என்று அவர் முதுகைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று டீச்சருக்குத் தோன்றியது. இன்றோ நாளையோ சர்க்குலர் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். "நல்லா படிக்கச் சொல்லு" என்றாள்.

பொதுத் தேர்வில் அந்தக் கணக்கு வந்தது. எண் மட்டும் வேறு. ஒரு முறை நேரடியாக, இன்னொரு முறை மேலே எறிந்த பந்து எந்தெந்த நொடியில் தரையில் இருக்கும் என்ற கேள்விக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. கிளைப் பள்ளிப் பிள்ளைகள் முகமலர்ந்து எக்ஸால் வகுத்தார்கள்.

லேப் டெக்னீஷியன் படிப்புக்கான பட்டியல் வந்தபோது, ஆயாவின் மகள் பெயர் அதில் இல்லை. ஒரு நூலிழையில் தவறிப்போயிருந்தது. முதலில் ஆயா அதைத் தலைவிதி என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிறகு மகள், பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த தோழி ஒருத்தியிடம் பேசியிருக்கிறாள். அந்தப் பெண் இரண்டு விடை எழுதியிருந்தாள். எங்கள் மாஸ்டர் அதைத் திருத்திச் சொல்லிக்கொடுத்தாரே என்றிருக்கிறாள்.

மறுநாள் காலை ஆயா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். வாளியில் வெந்நீர் ஊற்றினாள், துணியை நனைத்துப் பிழிந்தாள். அவருடைய வலது கையைத் தூக்கி, அக்குளைத் துடைத்தபடி, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"டீச்சர், அந்தக் கணக்கு தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்பவளுக்கு அதற்குமேல் துருவத் தெரியாது. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற டீச்சருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

"தெரியும்."

"பரீட்சைக்கு முன்னாடியேவா?"

"ரொம்ப முன்னாடியே. மேடம் சொல்லி அனுப்பறேன்னாங்க. நான் அதோட விட்டுட்டேன்."

"நான் தெனம் வந்துட்டுத்தானே இருந்தேன்?"

ஆயா அவருக்குச் சட்டை போட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்து, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இனி வரமாட்டாள் என்றுதான் டீச்சர் நினைத்தாள். ஆனால் மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அவரிடம் மட்டும் பேசினாள். "அண்ணே, காலை நீட்டிக்கலாமா? அண்ணே, இன்னிக்கு வெயில் மண்டையைப் பொளக்குது." டீச்சர் பக்கம் முகம் திரும்பவே இல்லை. டீச்சர் காப்பியைக் கொண்டுவந்து வைத்தால், அது ஆறி ஏடு படிந்து அங்கேயே கிடக்கும்.

கிளைப் பள்ளிப் பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். தாளாளர் கூட்டம் போட்டார். பாடத்தின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டினார். அவள் பெயர் அத்தனை பெரிதாக அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

"கணவருக்கு உடம்பு சரியில்லாத நேரம், பாவம், கவனம் சிதறிடுச்சு. நாங்க நம்பி வாங்கிக்கிட்டோம். நிர்வாகம் வருத்தப்படுது" என்றார். அத்தனை மரியாதையாகப் பழி போட்டு அவள் பார்த்ததில்லை.

பி.டி. மாஸ்டர் எழுந்தார். "சார், டீச்சர் முன்னாடியே சொன்னாங்க. எனக்கே சொல்லி நான் திருத்துனேன். டிக் போட்டது அவங்க இல்ல..."

"மாஸ்டர், நீங்க கிரவுண்டைப் பாருங்க."

மாஸ்டர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார். தலைமையாசிரியை தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டீச்சர் பேசுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். மூலப்பாடம் அவள் லேப்டாப்பில்தான் இருந்தது; குறிப்புகளும் 'சரிதானே?'வும் அதில் அப்படியே இருந்தன. எடுத்துக் காட்டியிருந்தால் தாளாளரின் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் கூட்டத்தின் கடைசியில் ஆயா உட்கார்ந்திருந்தாள். தப்பு யார் போட்டது என்பதல்ல ஆயா கேட்ட கேள்வி. தினம் வந்தவளிடம் ஏன் சொல்லவில்லை என்ற அந்தக் கேள்விக்கு லேப்டாப்பில் பதில் இல்லை. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த கல்வியாண்டிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் ஆயாவின் வீட்டைத் தேடிப் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. ஆயா வேலைக்குப் போயிருந்தாள். மகள் மட்டும் இருந்தாள். மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், கடைப் பெயர் போட்ட மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். தாயைப் போலவே மெலிந்த பெண். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"அடுத்த வருஷம் மறுபடியும் எழுதலாம்மா. நானே தினம் வந்து சொல்லித்தரேன். எதுவும் தர வேண்டாம்."

"வேணாம் டீச்சர்."

"கோவம் இருக்கும். எனக்குப் புரியுது."

"கோவமெல்லாம் இல்ல டீச்சர்." அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கணக்கு எப்பவுமே வராது. அந்தப் புஸ்தகம் பூராவுலயும் யார் உதவியும் இல்லாம நானாப் புரிஞ்சுக்கிட்டது அந்த ஒரு பாடம்தான். ரெண்டு பக்கமும் வகுத்தா வந்துடுதேன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. பரீட்சையில அதைப் பாத்ததும் முதல்ல அதைத்தான் போட்டேன். இனிமே எது புரிஞ்ச மாதிரி இருந்தாலும் எனக்குப் பயமா இருக்கும்."

அந்தப் பெண் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். வெளியேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

புதிய ஆண்டில் பாடங்கள் மறுபடியும் அச்சாயின. முதல் பக்கத்தில் யார் பெயரும் இல்லை. அந்தக் கணக்கை அடியோடு எடுத்துவிட்டார்கள் என்று மாஸ்டர் போனில் சொன்னார். டீச்சர் ஒரு டியூஷன் சென்டரில் மதிய நேரம் போய்வந்தாள். அங்கேயும் திரை, அங்கேயும் ரிமோட். எந்தப் பிள்ளையிடமும் அவள் எதுவும் கேட்பதில்லை. பொத்தானை அழுத்தினாள், அடுத்தது வந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவள் கணவன் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார், கடைசி வார்த்தை என்று எதுவும் இல்லை. விடிந்து ஆயா வந்தபோது டீச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆயா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். எப்போதும்போல் துணியை நனைத்துப் பிழிந்து, முகம், கழுத்து, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அண்ணே, திரும்பிக்கலாமா" என்று மெல்லக் கேட்டுவிட்டுத்தான் புரட்டினாள். பதில் வராத இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு நல்ல சட்டை எது என்று அலமாரியில் அவளாகவே தேடி எடுத்துப் போட்டாள், தலையை வாரிவிட்டாள். உறவுக்காரர்கள் வரத் தொடங்கியதும் வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கவிழ்த்து வைத்தாள்.

டீச்சர் அவள் பின்னாலேயே போனாள்.

"கொஞ்ச நேரம் இரேன். எனக்கு இங்க வேற யாரும் இல்ல" என்றாள்.

ஆயா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அத்தனை மாதத்தில் முதல் முறையாக டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.